முதுகு எங்களுடையதுதான், ஆனால்...

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் கரூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். தம்பி மகன் கல்யாணத்துக்கு முதல் நாளே பஸ் ஏறிப் போய், விடியற்காலையில் எழுந்து குளித்து, முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தும் தாலி கட்டியதைப் பார்க்க முடியவில்லையாம். தெரிந்ததெல்லாம் நான்கு முதுகுகள். கெட்டி மேளம் கேட்டதும் குத்துமதிப்பாக அட்சதையை வீசினாராம். அது மணமக்கள் தலைக்குப் போகாமல் ஒரு கேமராக்காரரின் சட்டையில் போய் விழுந்ததாம். கல்யாணத்துக்கு ஒரு கேமரா போதும், அதற்கு மேல் கூடாது என்று சட்டமே போட வேண்டும் என முடித்திருந்தார்.

அந்தச் சட்டை என்னுடையதாகவும் இருக்கலாம். கும்பகோணத்தில் முப்பது வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. அட்சதை காலர் வழியாக உள்ளே இறங்கினால் அன்றைக்கு முழுக்க முதுகு உறுத்தும், பனியனில் மஞ்சள் பிடித்துவிடும். என் வீட்டுக்காரி துணி துவைக்கும்போதே இன்றைக்கு எத்தனை முகூர்த்தம் என்று சொல்லிவிடுவாள். ஆகவே அந்த அம்மாவின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் சொல்லும் தீர்வில்தான் எனக்குத் தகராறு. கேமராவை ஒன்றாகக் குறைத்தால் முதுகு குறையாது. எனக்குத் தெரிந்தவரை கூடத்தான் செய்யும்.

கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும். படத்தை வெட்டுவது என் தொழில், எழுத்தை வெட்டத் தெரியவில்லை. வேண்டாததை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

1994-இல் ஒரு ஸ்டுடியோவில் லைட் பையனாகச் சேர்ந்தேன். ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராக்காரர் பின்னாலேயே ஓடுவது வேலை. மணப்பெண் முகத்தில் பவுடர் வழிவதும், மாப்பிள்ளை கண்ணைச் சுருக்குவதும், ஹோமத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார் “தள்ளிப் பிடிடா, அக்னி ஒண்ணு போதும்” என்று கத்துவதும் தினப்படி. சில வருடத்தில் கேமரா என் தோளுக்கு வந்தது. பானசோனிக் எம்-9000. முழு வி.எச்.எஸ். கேசட் போடுகிற பெரிய கேமரா. அரக்குக் கூரைப்புடவையை அதில் எடுத்தால் சிவப்பு நிறம் புடவைக் கரையைத் தாண்டி வழியும். அதையும் அழகு என்றுதான் அப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு ஒரே கேமராதான். கரூர் அம்மா கேட்கிற அதே ஒரு கேமரா. அது என்ன செய்தது? ஒரே ஆள் பெண்ணின் முகத்தையும் எடுக்க வேண்டும், மாப்பிள்ளையின் கையையும் எடுக்க வேண்டும், பெற்றவர்களையும் மேளக்காரரையும் விட்டுவிடக் கூடாது. ஆகவே அவன் நடந்துகொண்டே இருப்பான். தாலி எடுத்ததும் மேடையில் ஏறி இரண்டடி தூரத்தில் நிற்பான். அவனுக்குப் பின்னால் லைட் பையன், அவனுக்குப் பின்னால் ஒயர் பிடிக்கிறவன், பக்கத்தில் போட்டோக்காரர். கூட்டிப் பாருங்கள், நான்கு முதுகு. கேமரா ஒன்றுதான்.

மேடை ஏறும் பழக்கம் அப்போது வந்தது. கேமரா மூன்றான பிறகும் கால் மட்டும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

எங்கள் முதலாளி எங்கிருந்தோ ஒரு பானசோனிக் எம்எக்ஸ்-50 மிக்சரைப் பழையதாக வாங்கிவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அதில் நான்கு கேமராக்களைச் சொருகலாம். வருகிற படங்களில் எது டேப்பில் ஏற வேண்டும் என்பதைப் பொத்தானை அழுத்தி அங்கேயே முடிவு செய்யலாம். ஊரில் அதற்கு ‘மிக்ஸிங்’ என்று பெயர் விழுந்தது. நானும் மிக்ஸிங்காரன் ஆனேன். ஆனால் இரண்டு கேமராவைச் சேர்த்துவிடுவது சொல்கிற மாதிரி சுலபமில்லை. நம் ஊர் டிவி படம் என்பது நொடிக்கு 25 படங்கள். இரண்டு கேமராவும் அந்த 25-ஐ ஒரே நேரத்தில் தொடங்காவிட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது திரையில் படம் உருளும். தவில் ஒரு காலப்பிரமாணத்திலும் நாகஸ்வரம் வேறொன்றிலும் போனால் எப்படியோ அப்படி. டிவி நிலையங்களில் எல்லா கேமராவுக்கும் ஒரே இடத்திலிருந்து தாளம் அனுப்புவார்கள், ஜென்லாக் என்பார்கள். கல்யாண கேமராவுக்கு ஏது அந்த வசதி. இந்த மிக்சர் வருகிற படத்தை ஒரு கணம் நிறுத்திவைத்து, மற்றதோடு தாளம் சேர்த்து, அப்புறம் வெளியே விடும். முதல் முறை உருளாமல் படம் மாறியதைப் பார்த்து முதலாளி கற்பூரம் ஏற்றினார், நிஜமாகவே.

அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்த ஒரு பெரியவர். 1975 ஆகஸ்ட் 15-இல் அந்த நிலையம் தொடங்கிய சில வருடத்திலேயே சேர்ந்தவர். நான் பொத்தான்களைத் தட்டிக்கொண்டே இருப்பேன், புதுப் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி. அவர் என் விரல் மேல் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, “ஏன் மாத்தினே? சொல்லு” என்பார். பதில் சொல்லத் தெரியாது. “தெரியலேன்னா மாத்தாதே” என்பார். மூன்று மாதம் இதே பாடம்தான்.

சரி, மிக்ஸிங் மேஜையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் காட்டுகிறேன். விருந்தினர்கள் யாரும் அந்த இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். மேடைக்குப் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால், பெரும்பாலும் தாம்பூலப் பை அடுக்கிய மூலையில்தான் எங்களுக்கு இடம் தருவார்கள். பக்கத்தில் தேங்காய் மூட்டை. எனக்கு முன்னால் சின்னச் சின்னதாக மானிட்டர்கள். இத்தனை ஆயிரம் தாலி கட்டியதையும் நான் ஏழு அங்குலத் திரையில்தான் பார்த்திருக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் கல்யாணம் நடக்கும், நேரில் பார்க்கக் கொடுத்துவைத்ததில்லை.

ஒன்றாம் நம்பர் கேமரா ஹால் நடுவில், நடைபாதையில், மேடையிலிருந்து முப்பதடி தள்ளி ஸ்டாண்டில் நிற்கும். மணமக்கள் இருவரும் தலையிலிருந்து முழங்கால் வரை அதில் தெரிய வேண்டும். இரண்டாம் நம்பர் மேடைக்குக் கீழே இடது ஓரம், பெண்ணின் முகத்துக்கு. மூன்றாம் நம்பர் வலது ஓரம். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டு முடிச்சை நாத்தனார் பின்னாலிருந்து போடுவார். அப்போது யாராவது ஓர் அத்தை பெண்ணின் ஜடையைத் தூக்கிப் பிடித்திருப்பார். அந்தப் பிடரியும் நாத்தனாரின் விரல்களும் மூன்றாம் நம்பருக்கு மட்டும்தான் கிடைக்கும். மூன்றுமே ஜனங்கள் இருக்கும் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். ஒன்று மணமக்களுக்குப் பின்னால் போய் ஹாலைப் பார்த்து நின்றால் திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் இடம் மாறிவிடுவார்கள். பார்க்கிறவருக்கு ஏனென்று தெரியாது, ஆனால் ஏதோ இடறும். போதாததற்கு அந்தப் பின்னால் நிற்கிற ஆள் மற்ற இரண்டு கேமராவிலும் விழுவார்.

கேமராக்காரர்களின் காதில் ஹெட்போன். டாக்பேக் என்போம். “ரெண்டு ரெடி... ரெண்டு கட். மூணு, கொஞ்சம் லூஸ் பண்ணு. ஒண்ணு, அசையாதே.” இப்படித்தான் முகூர்த்தம் முழுக்க என் வாய் ஓடும். எந்தக் கேமராவின் படம் திரையில் போகிறதோ அதன் தலையில் சிவப்பு விளக்கு எரியும், டாலி என்று பெயர். சிவப்பு எரியும்போது ஆடக் கூடாது. அணைந்தால் அடுத்த படத்தைத் தேடிக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை ஏற்பாடும் எதற்காகவோ, அந்தத் தாலி கட்டுகிற நேரத்தில் டாக்பேக் வேலை செய்யாது. யந்திரக் கோளாறு இல்லை. வாத்தியார் கையைத் தூக்குவார், கெட்டி மேளம் எழும்பும், இரண்டு தவிலும் இரண்டு நாகஸ்வரமும் சேர்ந்து அடிக்கிற அடியில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் யார் காதிலும் விழாது. அந்த நாற்பது ஐம்பது நொடி நாங்கள் எல்லோரும் செவிடர்கள். முன்பே பேசிவைத்தது மட்டும்தான் நடக்கும். பேசிவைக்காவிட்டால் ஒவ்வொருவனும் தனக்குப் படம் கிடைக்கவில்லையோ என்ற பயத்தில் ஒரு படி ஏறுவான். அப்புறம் இன்னொரு படி. கரூர் அம்மா பார்த்த முதுகுகள் அந்தப் பயத்தில் ஏறியவைதான் என்பது என் அனுபவம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் மாதிரி ஆகிவிடும். எட்டொன்பது வருடம் முன்பு, மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பெரிய கல்யாணம். ஹாலின் இரண்டு பக்கமும் எல்.இ.டி. திரை. மூன்று கேமரா, போதாக்குறைக்கு ஒரு ஜிம்மி ஜிப் கிரேன், அதாவது நீளக் கழியின் நுனியில் கேமராவை மாட்டித் தலைக்கு மேல் ஆட்டுகிற சாதனம். கெட்டி மேளம் தொடங்கியதும் மூன்றாம் நம்பரில் இருந்தேன். ஒரு மாமா செல்போனை இரண்டு கையாலும் உயர்த்தினார், படம் முழுக்க அவர் கைக்கடிகாரம். இரண்டுக்கு மாற்றினேன். அது ஃபோகஸ் தேடி மங்கலாகித் தெளிந்து மறுபடியும் மங்கியது. பதறிப்போய் ஒன்றுக்கு வந்தேன். அதில் சொந்தக்காரர்கள் சுவர் மாதிரி எழுந்து நின்றிருந்தார்கள். கிரேனுக்குப் போனேன். அது அப்போதுதான் உத்தரத்துச் சரவிளக்கைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. மேளம் நின்றது. முடிச்சு விழுந்துவிட்டது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரையில் பார்த்தது ஒரு கைக்கடிகாரம், ஒரு மங்கல், சில முதுகுகள், ஒரு சரவிளக்கு.

பெண்ணின் அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் திரைக்குப் பின்னால் வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். கன்யாதானம் செய்து கொடுத்தவர், மடியில் பெண்ணை உட்காரவைத்திருந்தவர், கூட்டம் நெருக்கியதில் அவருக்கே தெரியவில்லை. “தம்பி, நீங்களாவது பாத்தீங்களா?” என்று கேட்டார். அவ்வளவுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நல்லவேளை, ஒவ்வொரு கேமராவும் தன் கார்டில் தனியாகவும் பதிவு செய்துகொண்டிருந்தது. இரண்டாம் நம்பர் கார்டில் முடிச்சு விழுந்தது தெளிவாக இருந்தது. நான் வேறொன்றுக்கு மாற்றிய பிறகு ஃபோகஸ் தானாகச் சரியாகியிருக்கிறது. இன்னும் இரண்டு நொடி பொறுத்திருந்தால் போதும். பெரியவர் என் விரல் மேல் விரல் வைத்து அழுத்தியது அன்றைக்குத்தான் வலித்தது.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தாலித் தட்டு எல்லோர் கையிலும் தொட்டு ஆசி வாங்கி மேடைக்குத் திரும்பியதும் ஃபோகஸை எல்லா கேமராவிலும் கையால் பூட்டச் சொல்லிவிடுவேன். தாலியை மாப்பிள்ளை கையில் எடுத்ததும் இரண்டாம் நம்பர். மூன்றாவது முடிச்சுக்கு மூன்றாம் நம்பர். இடையில் ஒரே ஒரு மாற்றம். மேளக்காரரையோ அழுகிற அம்மாவையோ அப்போது தேடிப் போவதில்லை. அவர்கள் எங்கே போய்விடப்போகிறார்கள்.

நிறைய கேமரா வைத்தால் கண்ணை மறைக்கும் என்பது இந்தத் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால் நிற்காத வாதம். 1937 மே 12, லண்டனில் ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா. பி.பி.சி. முதன்முதலாக ஸ்டுடியோவுக்கு வெளியே போய்ப் பெரிய நேரடி ஒளிபரப்பு செய்தது. ஹைட் பார்க் கார்னர் என்ற இடத்தில் மூன்றே கேமராக்களை நிறுத்தினார்கள். ஊர்வலம் வரட்டும் என்று அவை காத்திருந்தன. அந்தக் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு ராஜாவின் வண்டிக்குப் பின்னால் யாரும் ஓடவில்லை, ஓடவும் முடியாது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும். ஒரு காலத்தில் ஆட்டத்தை மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மட்டும் காட்டுவார்கள். ஓவர் மாறினால் பேட்ஸ்மேன் எதிர்முனைக்குப் போய்விடுவார், நமக்கு அவர் முதுகு. ஒரு ஓவர் முகம், ஒரு ஓவர் முதுகு. 1977-இல் ஆஸ்திரேலியாவில் கெர்ரி பேக்கர் தனியாக ஒரு கிரிக்கெட் தொடரை நடத்தியபோது அவருடைய சேனல் நைன் இரண்டு முனையிலும் கேமரா வைத்தது. முதுகு போய்விட்டது. கேமராவைக் குறைத்தல்ல, கூட்டித்தான் போனது. இன்றைக்கு ஒரு பெரிய ஆட்டத்துக்கு எத்தனையோ கேமரா வைக்கிறார்கள். ஒருத்தராவது பிட்சில் வந்து நிற்கிறாரா? பந்து போடும்போது குறுக்கே நின்று “சார், இன்னொரு தடவை போடுங்க” என்கிறாரா? எங்கள் தொழிலில் அதுவும் நடக்கிறது. முடிச்சு போட்ட பிறகு “கையை அப்படியே வைங்க மாப்ள” என்கிறார்கள்.

எங்கள் ஊரிலேயே ஒன்று சொல்லலாம். 2016 பிப்ரவரி 22, மகாமகம். குளத்தைச் சுற்றி ஒரு மொட்டைமாடியில் எனக்கு ஒரு கேமரா. வெளியூர்க் குழு ஒன்றுக்குக் கூலிக்குப் போயிருந்தேன். விடியற்காலை ஏற்றிவிட்டார்கள், தீர்த்தவாரி முடியும்வரை இறங்க விடவில்லை. குளமும் கரையோரப் பதினாறு மண்டபமும் ஜனமும் தெரிகிற அகலப் படம் ஒன்று, அவ்வளவுதான் என் வேலை. மாற்றிப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. காதில் ஒரே குரல்: “நீங்க அசையாதீங்க.” கீழே இறங்கியபோது கழுத்து வெந்திருந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்தது என் படத்தைத்தான் என்று அப்புறம் தெரிந்தது. மற்றவர்கள் படம் வரும், போகும், திரும்பவும் இதற்கே வருவார்கள்.

இப்போது கரூர் அம்மா பக்கம் வருகிறேன், ஏனென்றால் எங்கள் மேல் தப்பு இல்லாமல் இல்லை. மேடையில் அவர் பார்த்த நான்கு பேரும் ஒரே குழுவாக இருக்க மாட்டார்கள், பந்தயம் கட்டுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கேண்டிட் போட்டோகிராபரை, அதாவது போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாகப் படம் எடுக்கிறவரை, சென்னையிலிருந்து வரவழைப்பார்கள். பெண் வீட்டார் குடும்ப ஸ்டுடியோவுக்குச் சொல்லியிருப்பார்கள். திரைக்கும் யூடியூப் லைவுக்கும் எங்களை மாதிரி மிக்ஸிங் குழு தனி. ஒருத்தரை ஒருத்தர் முதலில் பார்ப்பதே மேடையில்தான். ஒருவர் ஏறினால் மற்றவருக்குப் படம் மறையும், அவரும் ஏறுவார். இதில் சண்டை வேறு. ஊஞ்சலின்போது ஒரு கேண்டிட் தம்பிக்கும் எங்கள் இரண்டாம் நம்பருக்கும் கைகலப்பே வந்து, மாப்பிள்ளை எழுந்து சமாதானம் செய்தார்.

பேரம் பேசும்போது இன்னொன்று நடக்கும். “மூணு கேமரா எதுக்குங்க, ஒண்ணைக் குறைச்சுக்குங்க” என்பார்கள். ஐஸ்கிரீம் கவுண்டருக்குக் கொடுப்பதைவிடக் குறைவான தொகைதான் அது, போகட்டும். ஆனால் குறைப்பது எதைத் தெரியுமா? ஹால் நடுவில் அசையாமல் நிற்கிற ஒன்றாம் நம்பரைத்தான். “அவரு சும்மாதானே நிக்கிறாரு” என்று காரணமும் சொல்வார்கள். கிரேனை மட்டும் விடவே மாட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளைக் கழுத்து நீட்டிக்கொண்டு ஒன்று ஆடினால்தான் பெரிய இடத்துக் கல்யாணம். எனக்குக் கிரேனைக் கண்டால் ஆகாது, வெளிப்படையாகச் சொல்கிறேன். பெரியவர்கள் தலைக்கு மேல் அந்தக் கனத்தை ஆட்டுவது தப்பு. அதிலிருந்து வருகிற படமும் பத்து நொடிக்கு மேல் எதற்கும் உதவாது. ஹாலுக்குள் ஹெலிகேம் என்கிற பறக்கும் கேமராவை விடுகிற கூத்தையும் பார்த்துவிட்டேன். அதன் காற்றில் குத்துவிளக்கு அணைந்துபோய், மாப்பிள்ளையின் பாட்டி அதை அபசகுனம் என்று சொல்லி, ஒரு மணி நேரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமரா, மிக்சர், அப்புறம் திரையை இயக்குகிற பெட்டி என்று ஒவ்வொன்றிலும் படம் கொஞ்சம் தங்கித்தான் வருகிறது. நான்கு படம் பின்தங்கினால் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. பேச்சில் பெரிதாகத் தெரியாது. தவிலில் தெரிந்துவிடும். அடி காதில் விழுந்த பிறகு திரையில் கை இறங்கும். ஒரு தவில் வித்வான் எதிரே இருந்த திரையில் தன்னையே பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் மிச்சத்தை வாசித்தார். இப்போதெல்லாம் மேளக்காரர்கள் கண்ணில் படும்படி திரையை வைக்க விடுவதில்லை. அந்த வித்வான் எங்களைத் திட்டியிருந்தால் எப்போதோ கற்றுக்கொண்டிருப்போம்.

எங்களால் மேடையைக் காலியாக வைக்க முடியும் என்பதற்கு 2020 சாட்சி. கொரோனா நேரம், கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது. சொந்தபந்தம் எல்லோரும் செல்போனில்தான் கல்யாணம் பார்த்தார்கள். அதற்கு முந்தின வருடம்தான் உள்ளங்கை அகலத்தில் ஏடெம் மினி என்று ஒரு மிக்சர் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று கேமராவில் லைவ் செய்தோம். கிட்டே போகப் பயம், அதனால் யாரும் மேடை ஏறவில்லை. கேமராக்காரர்கள் ஜூம் செய்ய ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். பிராணனைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த வேலை, ஆனால் படம் என்றால் அதுதான் படம். டொராண்டோவில் இருந்த ஒரு பெரியப்பா, மூன்று முடிச்சையும் எண்ணிப் பார்த்ததாக எனக்கு வாட்ஸாப்பில் குரல் அனுப்பினார். ஊர் திறந்ததும் எல்லோரும் பழையபடி மேடைக்குப் போய்விட்டார்கள்.

காட்டாமல் இருப்பதும் எங்கள் வேலையில் சேர்த்தி. 1953 ஜூன் 2-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள்ளேயே கேமரா வைத்து நேரடியாகக் காட்டினார்கள். ஆனால் அவருக்குப் புனித எண்ணெய் பூசிய நேரத்தில் ஒரு விதானத்தைப் பிடித்து மறைத்தார்கள், கேமராவும் அதைக் காட்டவில்லை. இத்தனைக்கும் விழாவின் உயிரே அந்தச் சடங்குதான் என்பார்கள். நம் பக்கம் பந்தியில் வாய் நிறையச் சாதத்தோடு இருப்பவரின் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டுகிறார்கள். நான் இருக்கிற மேஜையில் அந்தப் படம் திரைக்குப் போகாது. கன்யாதானத்தில் அப்பா உடைந்து அழுதால் ஒரு பார்வை, அப்புறம் அகலப் படத்துக்கு வந்துவிடுவேன். எண்ணூறு பேர் முன்னால் பத்தடித் திரையில் அவர் மூக்கைச் சிந்துவதைப் போட எனக்கு மனசு வராது. சில வீட்டார் அதைத்தான் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே சட்டமெல்லாம் வேண்டாம் அம்மா. நான் கேட்பது மண்டபம் கட்டுகிறவர்களிடம். மேடைக்கு எத்தனை லட்சமோ செலவு செய்கிறீர்கள். நடைபாதை நடுவில், மேடையிலிருந்து இருபத்தைந்து முப்பதடியில், மூன்றடி உயரத்துக்கு ஒரு சின்னத் திண்ணை கட்டிவையுங்கள், பின்னால் உட்காருகிறவர்களை மறைக்காத அளவுக்கு அதைச் சுற்றி நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள். மேடையின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு ஒரு சதுரம், பூ அலங்காரத் தூண் வைக்காமல் விடுங்கள். அந்த மூன்று இடத்துக்கும் தரைக்கடியில் கேபிள் போக ஒரு குழாய், ஒரு கரண்ட் பாயிண்ட். சமையல்கட்டு கிரைண்டர் லைனிலிருந்து எங்களுக்கு இழுத்துக் கொடுக்காதீர்கள். ஜெனரேட்டர் மாறும் அந்த ஒரு விநாடியில் மிக்சர் அணைந்து எழுந்திருக்க அரை நிமிடம் ஆகிறது, முகூர்த்தம் அதற்காகக் காத்திருக்காது. கல்யாண வீட்டாரிடம் ஒன்றே ஒன்று: மூன்று குழுவுக்குச் சொன்னாலும் சரி, முதல் நாள் சாயங்காலம் மூன்று பேரையும் அதே மேடையில் பத்து நிமிடம் நிற்க வைத்துப் பேசவிடுங்கள். வாத்தியாரையும் கூப்பிடுங்கள். கையை எப்போது தூக்குவார் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன ஆவணியில் இப்படி ஒரு கல்யாணம் வாய்த்தது. பெண்ணின் அண்ணன் பொறுமையான மனிதர், முதல் நாள் ராத்திரி எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தார். கேண்டிட் தம்பி வலது ஓரத்தில் எங்கள் மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் முழங்காலிட ஒப்புக்கொண்டான். செல்போன் மாமாக்களுக்கு வாத்தியாரே மைக்கில் சொல்லிவிட்டார். கெட்டி மேளம் எழும்பியபோது மேடையில் மணமக்கள், பெற்றவர்கள், வாத்தியார், நாத்தனார் தவிர யாரும் இல்லை. ஒன்றாம் நம்பரின் படத்தில் அட்சதை நாலா பக்கமிருந்தும் மஞ்சள் மழை மாதிரி வந்து விழுந்ததை, ஏழு அங்குலத்தில்தான் என்றாலும், நன்றாகப் பார்த்தேன். இரண்டே இரண்டு முறைதான் படத்தை மாற்றினேன்.

சாப்பாடு முடிந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா தாம்பூலப் பை எடுக்க உள்ளே வந்தவர் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “ஏன் தம்பி, தாலி கட்டுறப்ப உங்க ஆளுங்க ஒருத்தரையும் மேடையில காணோமே, எங்க போயிட்டீங்க? முழுப் பணமும் வாங்கியிருக்கீங்கள்ல?” என்று கேட்டார். என்ன சொல்ல, மானிட்டரைத் திருப்பி அவருக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, “அது சரி, ஆனா நீங்க யாருமே தெரியலையே” என்றார்.

இப்படிக்கு,
ஒரு மிக்ஸிங்காரர்,
கும்பகோணம்.